ஷோர் லீவ்: முதல் கப்பல் ஏறுபவர்கள் ஆசிய, பசிபிக் துறைமுகங்களில் கரையிறங்குவது எப்படி?

மெர்ச்சன்ட் நேவியில் சேர்ந்துவிட்டேன் என்றதும் சொந்தக்காரர்கள் சொல்லும் முதல் வார்த்தை, "அப்போ ஊரு உலகமெல்லாம் சுத்திப் பாத்துடுவே!" பாதி உண்மை. துறைமுகங்களைக் கண்டிப்பாகப் பார்த்துவிடலாம். ஊரைப் பார்க்க, அதாவது கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது கரைக்குப் போய்வரும் ஷோர் லீவுக்குத்தான், கொஞ்சம் திட்டம் வேண்டும். கன்டெய்னர் கப்பல் ஒரு துறைமுகத்தில் நிற்பது பெரும்பாலும் ஒரு நாளுக்குள் முடிந்துவிடும். அதில் உங்கள் வாட்ச் (முறைப்படி வரும் பணி நேரம்), தூக்கம், சரக்கு வேலை எல்லாம் போக மிச்சம் இருப்பது நான்கைந்து மணி நேரம். நிலக்கரி, தாது போன்றவற்றை மொத்தமாகக் கொட்டி ஏற்றும் பல்க் கேரியர் சில சமயம் நாள்கணக்கில் நிற்கும், ஆனால் அது நிற்கும் இடத்தைச் சுற்றி நிலக்கரி மேட்டைத் தவிர வேறொன்றும் இருக்காது. எண்ணெய்க் கப்பல்கள் நிற்கும் டேங்கர் ஜெட்டிகளோ ஊரைவிட்டு ஒதுங்கியே இருக்கும்.

அதனால் எந்த ஊரில் என்ன பார்க்கலாம் என்பதை இங்கே பின்னால் தள்ளியிருக்கிறேன். முதலில் சிக்கல் இல்லாமல் இறங்கி, நேரத்துக்குத் திரும்பி ஏறும் வழி.

வீட்டிலிருந்து கிளம்பும் முன்

பாஸ்போர்ட், சி.டி.சி. (மாலுமியின் பணிப் பதிவுப் புத்தகம்), கைரேகை பதிந்த மாலுமி அடையாள அட்டை மூன்றும் எப்படியும் வைத்திருப்பீர்கள். கப்பல் ஏறியதும் பாஸ்போர்ட்டும் சி.டி.சி.யும் கேப்டன் பொறுப்புக்குப் போய்விடும். மூன்றையும் ஸ்கேன் எடுத்து போனில் ஒரு பிரதி, வீட்டில் ஒரு பிரதி வைத்துவிடுங்கள்.

அடுத்தது விசா. ஆசியாவின் பெரும்பாலான துறைமுகங்களில் ஷோர் லீவுக்கென்று தனி விசா கேட்பதில்லை. துறைமுகத்தில் கப்பலுக்கான வேலைகளைப் பார்க்கும் உள்ளூர் ஏஜென்ட், கப்பல் ஊழியர் பட்டியலான க்ரூ லிஸ்ட்டைக் குடிவரவுத் துறையிடம் கொடுத்து கரையிறங்கும் அனுமதிச் சீட்டான ஷோர் பாஸ் வாங்கித் தருவார். பசிபிக் பக்கம் போனால் கதை வேறு. ஆஸ்திரேலியாவுக்கு மேரிடைம் க்ரூ விசா, அதாவது 988-ஆம் வகுப்பு விசா வேண்டும். கட்டணம் கிடையாது, ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம், 3 ஆண்டு வரை செல்லும். அமெரிக்காவுக்கு சி1/டி விசா. இது அந்த நாட்டின் பெருநிலத்துக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். குவாமும் ஹொனலூலுவும் அமெரிக்கக் கணக்குதான். விசா இல்லாதவர் கப்பலிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான், கேப்டனே நினைத்தாலும் இறக்கிவிட முடியாது. கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாமல், "இந்தக் கப்பல் எந்த ரூட்டில் ஓடுகிறது, எனக்கு எந்தெந்த விசா போட்டிருக்கிறீர்கள்?" என்று சைன் ஆன் ஆவதற்கு (கப்பலில் வேலையில் சேர்வதற்கு) முன்பே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

பெட்டி கட்டும்போது இரண்டு விஷயம். நிறையப் பேர் சிங்கப்பூருக்கு விமானத்தில் போய்த்தான் கப்பல் ஏறுவார்கள். அம்மா அரைத்துக் கொடுக்கும் குருமா மசாலாவில் கசகசா இருக்கிறதா என்று பாருங்கள். சிங்கப்பூரில் கசகசா போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் பொருள். இரண்டாவது, மாத்திரைகள். ஜலதோஷத்துக்கு நாம் சாதாரணமாகப் போட்டுக்கொள்ளும் சில மாத்திரைகளில் சூடோஎஃபெட்ரின் இருக்கும். அதன் அளவு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் ஜப்பானுக்குள் கொண்டுபோவது குற்றம். எந்த மருந்தானாலும் அட்டையோடும் டாக்டர் சீட்டோடும் வையுங்கள்.

துறைமுகம் வருவதற்கு இரண்டு நாள் முன்

யாரிடம் அனுமதி கேட்பது என்பதில் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். டெக் கேடட் (மேல்தளப் பயிற்சி அதிகாரி) என்றால் சீஃப் ஆபீசர். எஞ்சின் பக்கம் என்றால் செகண்ட் எஞ்சினியர். கேப்டனிடம் நேராகப் போய் நிற்காதீர்கள். டெக் ஊழியர்களின் தலைவரான போசனிடமோ இளநிலை அதிகாரியான தேர்ட் மேட்டிடமோ துறைமுகத்தில் என்ன வேலை வரப்போகிறது என்று முன்பே விசாரித்து வையுங்கள். பங்கரிங் (எரிபொருள் நிரப்புவது) இருக்கிறதா, ஸ்டோர்ஸ் (கப்பலுக்கான சாமான்கள்) வருகிறதா, இன்ஸ்பெக்ஷன் உண்டா? ஸ்டோர்ஸ் ஏற்றும் நேரத்தில் "சார், ஷோர் லீவ்..." என்று தலையைச் சொறிந்துகொண்டு போய் நிற்பவரை எந்த அதிகாரிக்கும் பிடிக்காது.

ஷோர் லீவ் என்பது யாரோ மனம் வைத்துத் தரும் சலுகையும் இல்லை. எம்.எல்.சி. 2006 என்கிற கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் ஏற்றபடி, வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் கரைக்குப் போகும் உரிமையைத் தந்திருக்கிறது. ஆனால் அதே உடன்படிக்கைதான் 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், 7 நாளில் 77 மணி நேரமும் ஓய்வு வேண்டும் என்கிறது. இரவு வாட்ச் முடித்து, பகலெல்லாம் ஊர் சுற்றி, மறுபடி வாட்ச்சுக்கு வந்து நின்றால் தூங்கி விழுவீர்கள். சீஃப் ஆபீசர் மறுத்தால் முதலில் காரணம் கேளுங்கள். பல சமயம் உங்கள் ஓய்வுக் கணக்கைப் பார்த்துத்தான் மறுத்திருப்பார். துறைமுகத்துக்குத் துறைமுகம் காரணமே இல்லாமல் மறுக்கப்பட்டால், அப்போது யூனியனிடமோ, சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பான ஐ.டி.எஃப்.-இன் இன்ஸ்பெக்டரிடமோ பேசலாம்.

இதே சமயத்தில் கஸ்டம்ஸுக்கான ஒரு தாள் வரும். உங்கள் அறையில் இருக்கும் லேப்டாப், போன், கேமரா, சிகரெட், மது எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். புதியவர்கள் இதை அலட்சியமாக நிரப்புகிறார்கள். ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் அதிகாரிகள் அறைக்கே வந்து அலமாரியைத் திறந்து எண்ணுவார்கள். பத்து பாக்கெட் என்று எழுதிவிட்டுப் பன்னிரண்டு வைத்திருந்தால், அபராதம் உங்களுக்கு, தலைகுனிவு கேப்டனுக்கு. அப்புறம் ஷோர் லீவைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பணம் வேண்டுமென்றால் கேஷ் அட்வான்ஸ் இப்போதே கேளுங்கள். பெரும்பாலும் டாலராகத்தான் கிடைக்கும், சம்பளத்தில் கழித்துக்கொள்வார்கள். எல்லாவற்றையும் கரைக்கு எடுத்துப் போகாதீர்கள். அன்றைய செலவுக்கு வேண்டியதும், அவசரத்துக்கு ஒரு டாக்ஸிக்கான பணமும் போதும். அந்த டாக்ஸிப் பணத்தைத் தனிப் பாக்கெட்டில் வையுங்கள்.

கேங்வேயில்

கப்பலிலிருந்து இறங்கும் படிக்கட்டுதான் கேங்வே. அங்கே ஒரு பலகை தொங்கும். கப்பல் கிளம்பும் நேரம், ஷோர் லீவ் முடியும் நேரம் இரண்டும் அதில் எழுதியிருக்கும். பக்கத்தில் பதிவேடு, வாட்ச்சில் நிற்கும் ஏ.பி. (அனுபவமுள்ள மாலுமி) கையில் ஷோர் பாஸ் கட்டு. பெயரையும் இறங்கும் நேரத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பாஸை வாங்கிக்கொள்ளுங்கள். அதில் உங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

பிறகு போனில் நாலு படம் எடுங்கள்: அந்தப் பலகை, கப்பலின் பெயர், கப்பல் நிற்கும் பெர்த் எண், ஏஜென்டின் விசிட்டிங் கார்டு. ஏஜென்ட் கார்டு உள்ளூர் எழுத்தில் இருப்பது பெரிய வசதி. சீனாவின் நிங்போவிலோ ஜப்பானின் நகோயாவிலோ டாக்ஸிக்காரருக்கு நீங்கள் இங்கிலீஷில் துறைமுகம் பெயரைச் சொல்லிப் பயனில்லை. பெரிய துறைமுகத்துக்குப் பத்து கேட் இருக்கும், அவருக்கு எந்த கேட் என்று தெரிய வேண்டும். டெர்மினல் பெயரையும் கேட் எண்ணையும் ஏஜென்டிடமே உள்ளூர் எழுத்தில் எழுதி வாங்கிவிடுங்கள்.

அடுத்தது நேரக் கணக்கு. இதைப் பின்னாலிருந்துதான் போட வேண்டும். ஷோர் லீவ் இரவு 10 மணிக்கு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்டிலிருந்து கப்பலுக்கு டெர்மினல் பஸ், காத்திருப்பது உட்பட அரை மணி. ஊரிலிருந்து கேட்டுக்கு டாக்ஸி முக்கால் மணி. நெரிசலுக்கு இன்னொரு அரை மணி. ஆக, 8.15-க்கு ஊரை விட்டுக் கிளம்ப வேண்டும். அந்த நேரத்துக்குப் போனில் அலாரம் வைத்துவிட்டு இறங்குங்கள். சரக்கு வேலை முன்கூட்டியே முடிந்து கிளம்பும் நேரம் முன்னால் வருவதும் உண்டு, அதனால் போன் அணையாமல் இருக்க வேண்டும்.

போன் கடிகாரத்தை நம்புவதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. தாய்லாந்தும் வியட்நாமும் ஒரு நேரம், சிங்கப்பூர், சீனா, தைவான் அதைவிட ஒரு மணி முன்னால், ஜப்பானும் கொரியாவும் இன்னும் ஒரு மணி முன்னால். கப்பல் கடிகாரத்தை மாற்றியாகிவிட்டதா, பலகையில் இருப்பது எந்த நேரம் என்று இறங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

டெர்மினலுக்குள் நடக்கக் கூடாது. கன்டெய்னரைத் தூக்கி ஓடும் உயரமான வண்டியான ஸ்ட்ராடில் கேரியரை ஓட்டுபவருக்கு அந்த உயரத்திலிருந்து நீங்கள் கண்ணில் படவே மாட்டீர்கள். ஹெல்மெட், ஒளிரும் மேலாடை, மூடிய ஷூ போட்டுக்கொண்டு, கேங்வே அடியில் வந்து நிற்கும் வண்டியில்தான் கேட்டுக்குப் போக வேண்டும். ஹெல்மெட்டை நாள் முழுக்கத் தூக்கித் திரிய வேண்டுமே என்று சலித்துக்கொள்ளாமல் கேட்டிலேயே வைத்துவிட்டுப் போக முடியுமா என்று கேளுங்கள், சில இடங்களில் விடுவார்கள்.

கப்பல் கரையைத் தொடாமல் கடலில் நங்கூரமிடும் ஆங்கரேஜில் நின்றால், லான்ச் என்கிற சிறு படகில் போக வேண்டும். லைஃப் ஜாக்கெட் கட்டாயம். படகு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். படகுக்காரர் சொல்லும் கணத்தில், படகு மேலே எழும்பும்போது ஏணிக்கு மாற வேண்டும். போகும்போது பிரச்சினை இல்லை. திரும்பும்போதுதான் இரண்டு கையிலும் பிளாஸ்டிக் பைகள், தோளில் ஒரு ரைஸ் குக்கர் பெட்டி என்று வந்து நிற்பார்கள். ஏணி ஏற இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். முதுகுப் பையோடு இறங்குங்கள். அதில் அடங்காததைக் கயிறு போட்டு மேலே இழுக்கச் சொல்லுங்கள்.

இனி ஊர்கள்

சிங்கப்பூர்தான் முதல் ஷோர் லீவுக்குச் சுலபமான ஊர். அறிவிப்புப் பலகையிலேயே தமிழ் இருக்கும். ஆங்கரேஜிலிருந்து வரும் லான்ச்சுகள் மரினா சவுத் பியரில் விட்டால், அங்கேயே எம்.ஆர்.டி. (மெட்ரோ ரயில்) நிலையம். சிவப்பு லைனில் ஏறி தோபி காட்டில் இறங்கி, ஊதா லைனுக்கு மாறினால் அடுத்த நிலையம் லிட்டில் இந்தியா. வங்கி அட்டையைத் தட்டியே உள்ளே போகலாம், டிக்கெட் வரிசை தேவையில்லை. சிராங்கூன் சாலையில் இறங்கியவுடன் சாம்பார் வாசனை வரும். 1947 முதல் இருக்கும் கோமள விலாஸில் ஒரு சாப்பாடு, முஸ்தபா சென்டரில் சார்ஜர், சோப்பு, வீட்டுக்கு வாசனை திரவியம் என்று நான்கு மணி நேரம் கச்சிதமாக முடியும். முஸ்தபாவுக்குள் போனால் நேரம் போவதே தெரியாது, அலாரம் வைக்கச் சொன்னது இதற்குத்தான். லான்ச்சுக்கு நேர அட்டவணை உண்டு. கடைசி லான்ச்சை விட்டால் தனிப் படகு பிடிக்க வேண்டும், அந்தச் செலவு உங்கள் தலையில்.

விதிகள் கறார். சிகரெட்டுக்கு வரிச் சலுகை கிடையாது, ஒரே ஒரு பாக்கெட் கொண்டுபோனாலும் அறிவிக்க வேண்டும். வேப் (மின்-சிகரெட்) வைத்திருந்தாலே குற்றம். இரவு 10.30-க்கு மேல் பொது இடத்தில் மது குடிக்கக் கூடாது. லிட்டில் இந்தியாவில் வார இறுதி முழுக்கவே தடை.

மலேசியாவின் போர்ட் கிளாங்கில் முதலில் கேட்க வேண்டியது, கப்பல் எந்தப் பக்கம் என்பது. வெஸ்ட்போர்ட்ஸ் இருப்பது புலாவ் இண்டா தீவில், அங்கிருந்து எதற்கும் டாக்ஸிதான். நார்த்போர்ட், சவுத் பாயின்ட் பக்கம் என்றால் ரயில் நிலையம் கிட்ட. நேரம் குறைவென்றால் கிளாங் ஊரில் ஜாலான் தெங்கு கிளானாவுக்குப் போங்கள். அதுதான் அங்குள்ள லிட்டில் இந்தியா, வாழை இலைச் சாப்பாடு கிடைக்கும். அரை நாளுக்கு மேல் இருந்தால் கொம்யூட்டர் ரயிலில் கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் போய் மாறி, பத்து மலை முருகனைப் பார்த்துவிட்டு வரலாம். 42.7 மீட்டர் உயரச் சிலை, அதற்குப் பின்னால் 272 படிகள். அரைக்கால் சட்டை வேண்டாம்.

சீனாவில் இரண்டு தலைவலி: தூரம், போன். ஷாங்காய் என்று பயண அட்டவணையில் போட்டிருக்கும், கப்பல் போய் நிற்பதோ யாங்ஷானில். நிலத்துக்கு வருவதற்கே 32.5 கிலோமீட்டர் பாலம் கடக்க வேண்டும், நகரம் அதற்கும் அப்பால். சில மணி நேரத்துக்காக அங்கே இறங்குவது என் கணக்கில் வீண். கூகுள், வாட்ஸ்அப் எதுவும் அங்கு சாதாரண இணைப்பில் திறக்காது. "ரெண்டு நாளைக்கு மெசேஜ் வராது, பயப்படாதீங்க" என்று வீட்டுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அலிபே அல்லது வீசாட்டில் உங்கள் அட்டையைக் கப்பலிலிருந்தே இணைத்து வைத்தால்தான் கடையில் எளிதாகப் பணம் கட்ட முடியும்.

தென் கொரியாவின் பூசானிலும் கப்பல் எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி: நார்த் போர்ட்டா, நியூ போர்ட்டா? நார்த் போர்ட் நகரத்தின் மடியிலேயே இருக்கிறது. பூசான் ரயில் நிலையம், ஜகல்ச்சி மீன் சந்தை, அதை அடுத்த குக்ஜே சந்தை எல்லாம் பக்கம். ஜகல்ச்சியில் கீழ்த்தளத்தில் உயிர் மீனைக் காட்டி விலை பேசினால், மாடியில் சமைத்துத் தருவார்கள். சமைக்கும் கூலி தனி என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். நியூ போர்ட் என்றால் நகரத்தின் மேற்குக் கோடி, போக வரவே பாதி நேரம் போய்விடும். வழி பார்க்க நேவர் மேப்பை இறக்கி வையுங்கள், கொரியாவில் அதுதான் கைகொடுக்கும்.

ஜப்பானில் எனக்குப் பிடித்தது கோபே. கப்பலைப் போர்ட் ஐலண்டில் கட்டினால், ஓட்டுநர் இல்லாமல் ஓடும் போர்ட்லைனர் ரயில் சன்னோமியாவில் கொண்டுபோய் விடும். கடைகள், சாப்பாடு, கொஞ்சம் நடந்தால் மலையடிவாரம். நூறு யென் கடையில் அறைக்கு வேண்டிய கொக்கி, டப்பா, சின்னக் கருவிகள் வாங்கலாம். டிப்ஸ் வைக்காதீர்கள், மறந்து வைத்துவிட்டீர்கள் என்று நினைத்துத் துரத்திக்கொண்டு வந்து கொடுப்பார்கள். சைவம் சாப்பிடுபவர்கள் கவனம்: காய்கறி சூப்பிலும் மீன் சாறு இருக்கும். கையில் கொஞ்சம் யென் ரொக்கமாக வைத்திருங்கள்.

தாய்லாந்தின் லெம் சபாங்கில் எல்லோரும் பட்டாயா என்று கிளம்புவார்கள். பாரில் உட்காரும் முன் விலைப்பட்டியலைக் கேளுங்கள். பக்கத்தில் வந்து உட்காரும் பெண்ணுக்கு வாங்கித் தரும் பானம் உங்கள் பில்லில் தனி விலையில் ஏறும். அரசரைப் பற்றிக் கேலி பேசினால் ஜெயில். வேப் அங்கும் தடை.

ஆஸ்திரேலியாவில் போர்ட் ஹெட்லண்ட், டாம்பியர் மாதிரி இடங்களில் தனியாக எங்கும் நடந்து போக முடியாது. மாலுமிகள் மையத்தின் வேன்தான் வழி. மிஷன் டு சீஃபேரர்ஸ், ஸ்டெல்லா மாரிஸ் போன்ற அமைப்புகள் நடத்தும் இந்த மையங்களைப் புதியவர்கள் சர்ச் சமாச்சாரம் என்று நினைத்து ஒதுங்குகிறார்கள். தேவையில்லை. எந்த மதத்தவரும் போகலாம், யாரும் பிரசங்கம் செய்ய மாட்டார்கள். வைஃபை, பில்லியர்ட்ஸ், சிம் கார்டு, காபி, பணம் மாற்றும் வசதி இருக்கும், சூப்பர் மார்க்கெட்டுக்கு வண்டியும் விடுவார்கள். பல இடங்களில் வேன் ஓட்டுபவர் சம்பளம் வாங்காத உள்ளூர்ப் பெரியவர். போன் செய்தால் கேட்டுக்கே வருவார். கப்பல் கட்டியதுமே மையத்தின் எண்ணை ஏஜென்டிடம் வாங்கி, வேன் நேரத்தைக் கேட்டு வையுங்கள். கப்பலிலிருந்து ஆப்பிளோ, சாப்பாட்டுப் பொட்டலமோ எடுத்து இறங்காதீர்கள், உயிரியல் பாதுகாப்புச் சட்டம் கடுமை. போர்ட் ஹெட்லண்டில் கடல்மட்டத்தின் ஓத ஏற்ற இறக்கம் 7 மீட்டருக்கு மேல் போகும். பாரம் ஏற்றிய கப்பல் அந்த ஓதத்தைப் பிடித்துத்தான் வெளியேற வேண்டும், உங்களுக்காகப் பத்து நிமிடம் நிற்காது.

பிஜியில் சுவா துறைமுகத்தை ஒட்டியே சந்தை. கப்பாக்கிழங்கு, சேப்பங்கிழங்கு, கட்டுக் கட்டாகக் காவா என்ற பானத்துக்கான வேர். கடைப் பலகைகளில் பிள்ளை, நாயுடு, ரெட்டி என்று பெயர்கள் இருக்கும். 1903 முதல் சென்னை வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் பேரப்பிள்ளைகள். தமிழில் பேசினால் பெரும்பாலும் சிரித்துவிட்டு பிஜி இந்தியில்தான் பதில் சொல்வார்கள். லௌடோகாவில் கட்டினால் பஸ்ஸில் நாடி போய் சிவசுப்பிரமணியர் கோயிலைப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை என்றால் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். பப்புவா நியூகினியின் லே, போர்ட் மோர்ஸ்பியில் ஏஜென்ட் ஏற்பாடு செய்த வண்டி இல்லாமல் இறங்காதீர்கள், இருட்டிய பின் வேண்டவே வேண்டாம்.

திரும்பும்போது

எந்த ஊரிலும் தனியாகப் போகாமல், இருவராவது சேர்ந்து போய் சேர்ந்தே திரும்புங்கள். வழியில் யாராவது "இந்தப் பார்சலை அடுத்த துறைமுகத்தில் கொடுத்துவிடு" என்றால், அவர் தமிழே பேசினாலும் வாங்காதீர்கள். சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியாவில் போதைப்பொருளுக்கு மரண தண்டனை வரை உண்டு.

குடிப்பவர்கள் கணக்குப் பார்த்துக் குடியுங்கள். மாலுமிகளின் பயிற்சி, வாட்ச் பற்றிய சர்வதேச உடன்படிக்கையான எஸ்.டி.சி.டபிள்யூ. விதிப்படி வேலையில் இருப்பவரின் ரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பல கம்பெனிகளில் அது பூஜ்யம். கேங்வேயிலேயே ஊதச் சொல்வார்கள்.

தாமதமாகிவிட்டால் ஒளியாமல் உடனே கப்பலுக்கும் ஏஜென்டுக்கும் போன் போடுங்கள். கப்பல் போயே போய்விட்டால் ஊருக்குள் அலையாமல் நேராக ஏஜென்ட் அலுவலகத்துக்குப் போங்கள். ஷோர் பாஸ் அந்தக் கப்பலோடு சேர்ந்தது, கப்பல் கிளம்பியதும் நீங்கள் அந்த நாட்டில் அனுமதியின்றி இருப்பவராகிவிடுவீர்கள். ஏஜென்ட் மூலம் நீங்களே முன்வந்து குடிவரவுத் துறையிடம் போவதற்கும், போலீஸ் பிடித்துக்கொண்டு போவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. வேறு சிக்கல் என்றால் சீஃபேரர்ஹெல்ப் என்ற இலவச உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. எண்ணைக் கப்பலின் நோட்டீஸ் போர்டில் பார்த்து இறங்கும் முன்பே போனில் சேமித்து வையுங்கள்.

நேரத்தோடு ஏறிவிட்டால் பதிவேட்டில் திரும்பிய நேரத்தை எழுதி, ஷோர் பாஸைக் கையோடு கேங்வேயில் கொடுத்துவிடுங்கள். சட்டைப் பையில் மறந்து அறைக்கு எடுத்துப் போனால், கப்பல் கிளம்பும் நேரத்தில் ஏஜென்ட் பாஸ்களை எண்ணிக்கொண்டு நிற்பார். ஒன்று குறைந்தால் உங்கள் அறைக் கதவைத்தான் தட்டுவார்கள்.